தண்டையார்பேட்டை கம்ப்யூட்டர் சர்வீஸ்: இரண்டு வருஷ அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு மொத்த ஜவுளிக்கடை. நைட்டி, உள்பாவாடை, குழந்தைகள் உடுப்பு. குடோன் கொருக்குப்பேட்டையில், வீட்டுக்குக் கீழேயே. கணக்கெல்லாம் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில், குடோனில் இருக்கும் கம்ப்யூட்டரில். அதைப் பார்த்துக்கொள்ளும் தண்டையார்பேட்டை சர்வீஸ்காரரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இருக்கிற கடைகளுக்கே ஓடி மாளவில்லையாம். அதனால் அவர் செய்கிற வேலையை விவரமாகச் சொல்கிறேன். உங்கள் தெரு சர்வீஸ்காரரிடம் நீங்கள் இதையே கேட்டு வாங்கலாம்.

அவர் வருவதற்கு முன் நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. குடோனுக்குள் தொடை அளவு தண்ணீர். பொங்கல் சரக்கு மொத்தமும் கீழே இருந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் மூட்டைகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். தரையில் இருந்த சிபியு யாருக்கும் நினைவில் இல்லை. பேக்கப்புக்கென்று, அதாவது கணக்கின் நகல் வைக்க, வாங்கிய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை அதன் தலைமேலேயே வைத்திருந்தோம், இரண்டும் சேர்ந்து மூழ்கின. கரண்ட் வந்ததும் என் கொழுந்தனார் அவசரப்பட்டு ஈரத்தோடு டிஸ்க்கைச் செருகிப் பார்த்துவிட்டார். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் காட்டினோம். போர்டு எரிந்திருக்கிறது, 28,000 ஆகும், வரும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார்கள்.

ஆன்லைனில் ஒரு பேக்கப் இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. முன்பு வந்துகொண்டிருந்த வேறொரு சர்வீஸ்காரர் "தானா ஏறிடும்மா" என்று போட்டுக் கொடுத்தது. திறந்து பார்த்தால் கடைசித் தேதி ஜூலை. பாஸ்வேர்டு மாற்றிய நாளோடு நின்றுபோயிருக்கிறது. ஐந்து மாதமாக யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, நானும்தான்.

அக்டோபர் வரைக்கும் போட்ட பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் இருந்தன. அங்கே யாருக்கு எவ்வளவு விற்றோம் என்பது கிடைக்கும். யார் எவ்வளவு கட்டினார்கள், யார் பாக்கி என்பது கிடைக்காது. எங்கள் தொழிலோ பாக்கியில் ஓடுவது. சென்னைக்கு நவம்பர் மாத 3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய டிசம்பர் 27 வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு கடையாகப் போன் போட்டுக் கேட்டு எழுதினேன். பொன்னேரியிலிருந்து ஒரு பெரியவர் தன் நோட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். ஈரம் காயாத குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "என் நோட்டுப்படி உனக்கு 41,350 தரணும்மா, எழுதிக்கோ" என்று ஒவ்வொரு பில்லாகப் படித்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் அவரைப் போல இல்லை. சிலர் பாதித் தொகையைத்தான் ஒப்புக்கொண்டார்கள், காட்டுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை.

2024 ஜனவரியில் இந்தத் தம்பி வந்தார். வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. டீ குடித்துக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டார். "அக்கா, நாளைக்குக் காலைல இந்த மெஷின் இல்லேன்னா எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீங்க? எத்தனை நாள் பில்லை உட்கார்ந்து திரும்பப் போட முடியும்?" முதலாவதுக்கு ஒரு நாள் என்றேன். அடுத்ததற்கு ஒரு வாரம், அதற்கு மேல் முடியாது என்றேன். ஏற்பாடு மொத்தத்தையும் அந்த இரண்டு பதிலை வைத்துத்தான் செய்தார்.

சிபியு இப்போது சுவரில் ஐந்தடி உயரத்தில் கடப்பா கல் அலமாரியில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்று மாடியில், இன்னொன்று பெரம்பூரில் என் அக்கா வீட்டு மூன்றாம் மாடியில். சனிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்கிறோம். பேக்கப் எடுக்கும் பத்து நிமிஷம் தவிர டிஸ்க் எதிலும் செருகியிருக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பற்றி அவர்தான் சொன்னார். அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்ததாம், போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களில்தான் புகுந்திருக்கிறது. அதனால்தான் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நிற்கிறது என்று ஆறு மாதம் முன்பிருந்தே நச்சரித்து எங்கள் பழைய மெஷினை மாற்ற வைத்தார்.

மூன்றாவது பிரதி, பாஸ்வேர்டு போட்ட ஃபைலாக, தினமும் ராத்திரி கூகுள் டிரைவில் தேதி வாரியாக ஏறுகிறது. எங்கள் டேட்டா 600 எம்பிதான். பழைய தேதிகளை அவ்வப்போது கழித்துவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியே போதும். வெறும் சிங்க் போட்டுவிட்டுப் போவதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், டிரைவ் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

இவர் வேலையில் எனக்கு உயிரானது ரீஸ்டோர், அதாவது பேக்கப்பிலிருந்து கணக்கைத் திரும்ப எடுப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் லேப்டாப்போடு வந்து, எங்கள் பேக்கப்பை அதில் ஏற்றி, என்னையே ஒரு பார்ட்டி பெயர் சொல்லச் சொல்வார். நான் சொல்லும் பெயரின் லெட்ஜரைத் திறந்து என் பேரேட்டோடு ஒத்துப்பார்ப்போம். 2024 ஜூனில் அப்படிப் பார்த்தபோது ஏப்ரலிலிருந்து ஒரு பில்கூட இல்லை. புது வருஷக் கணக்குக்காக டாலியில் கம்பெனிக் கணக்கைப் பிரித்தபோது வந்த புது ஃபோல்டரை அவர் பேக்கப்பில் சேர்க்காமல் விட்டிருக்கிறார். தவறு அவருடையது. முகம் வாடிப்போய், "என் மேலதான் தப்புக்கா" என்றார். அன்றே சரிசெய்தார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் முன்பு ஜூலையில் நின்றது டிசம்பர் வெள்ளத்தில்தான் தெரிந்தது. இது வெயில் காலத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்காகவே அவரை விடவில்லை.

யுபிஎஸ் விஷயத்திலும் அப்படித்தான். பழையது பிளக்கைப் பிடுங்கியதும் 40 விநாடியில் அணைந்தது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருஷம்தான் உழைக்குமாம், பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தோம், சூடாகும்போது அது இழுக்கும் கரண்டை சின்ன யுபிஎஸ் தாங்காது என்று கழற்றிவிட்டார். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி நிமிஷம் எண்ணுவது இப்போது என் வேலை.

கரண்ட், நெட் இரண்டும் இல்லாத நாளுக்கு அச்சடித்த பில் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம். பில் நம்பர் ஒரே வரிசையாகத்தான் போக வேண்டும் என்று பயந்திருந்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்குள் இருந்தால் போதும் என்று ஆடிட்டர் சொன்னார். ஆகவே கைப்பில்லுக்குத் தனி வரிசை.

2024 அக்டோபர் 15 கனமழைக்கு முந்தின ராத்திரி, "டிஸ்க் மேல இருக்காக்கா?" என்று தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் கேள்வி. இந்த முறை குடோனில் கணுக்கால் தண்ணீர்தான், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் மறுநாள் மாடியில் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, நான்தான் தனியாக, இருபது நிமிஷத்தில் முதல் பில்லைப் போட்டேன்.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், பத்து மணி என்றால் ஒரு மணி. வருஷக் கட்டணம் 7,200, எங்களைப் போன்ற கடைக்கு அது சின்னத் தொகை இல்லை. டிஸ்க், பேட்டரி செலவு தனி. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உறுத்துவது வேறு. எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. போன வருஷம் டெங்குவில் இரண்டு வாரம் படுத்துவிட்டார், அப்போது கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப் ஃபைலின் பாஸ்வேர்டு என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. குணமானதும் கேட்டு எழுதி வாங்கி, போன் கையில் இல்லாதபோதும் கூகுள் கணக்கில் நுழைய உதவும் 10 பேக்கப் கோடுகளையும் சேர்த்து உறையிலிட்டு, எங்கள் பீரோவில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று வைத்தேன். ரீஸ்டோர் செய்யும் முறையைத் தமிழில் படிப்படியாக ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் தரவில்லை. அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் இந்த வருஷத்துப் பணம் என்று சொல்லிவிட்டேன். சரி என்றிருக்கிறார்.