காசிமேடு கல் பட்டறை: போவதற்கு முன் வாசகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்

கல்லறைக் கல் வெட்டுகிற இடத்துக்கெல்லாமா விமர்சனம் எழுதுவார்கள் என்று கேட்கலாம். நான் தேடியபோது உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். சென்னை காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகையே இல்லாத பட்டறை. பாதி வெட்டிய சிலுவைகளையும் கருப்பு கிரானைட் பலகைகளையும் வாசலில் சாய்த்து வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். கீழ்ப்பாக்கம், காசிமேடு இரண்டு கல்லறைகளையும் மெட்ராஸ் சிமெட்ரீஸ் போர்டு டிரஸ்ட்தான் பார்த்துக்கொள்கிறது. எந்த அளவுக் கல் வைக்கலாம் என்று அங்கே ஆபீசில் முதலில் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவது நல்லது.

எங்கள் அத்தையின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்குள் கல் வைக்க வேண்டும் என்று பெரியப்பாவோடு போயிருந்தேன். இப்போது பல இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டி மணலைப் பீய்ச்சி எழுத்தைப் பொறித்துவிடுகிறார்கள், சீக்கிரம் முடியும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். இங்கே உளிதான். தமிழ் எழுத்துக்கு உளி நன்றாக வருகிறது என்பது என் கருத்து, ணகரத்துச் சுழி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது, புள்ளியை விரல் நுனியில் தடவிப் பார்க்கலாம், அவ்வளவு ஆழம். கூலி எழுத்துக்கு இவ்வளவு என்று. இதற்கு முன் விசாரித்த ஒரு கடையில் 'கொ'வை மூன்று எழுத்தாக எண்ணினார்கள், கேட்டால் கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறதாம். இந்தப் பட்டறைக்காரரிடம் கொம்பு, கால் எல்லாம் சேர்த்து ஒரே எழுத்து, புள்ளிக்குக் காசில்லை.

ஆனால் நான் இவரைச் சிபாரிசு செய்வதற்குக் கூலியோ உளியோ காரணமில்லை. கொண்டுபோன வாசகத்தை அவர் நம் எதிரிலேயே சத்தமாகப் படிக்கிறார். பெரியப்பா ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார்: பாசத்தின் சிகரம், தியாகச் சுடர், ஜெப வீராங்கனை, அப்புறம் கீழே எதுகை மோனையோடு ஒரு கவிதை. பட்டறைக்காரர் கடைசிவரை படித்துவிட்டு, "வீராங்கனை நெறைய வெட்டிட்டேன் ஐயா. உங்க தங்கச்சி இன்னா வேல பாத்தாங்க?" என்று கேட்டார். சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை என்றார் பெரியப்பா. சொன்னபிறகு அவருக்கே அந்தக் கவிதை பிடிக்கவில்லை போல, தாளைத் திருப்பி வைத்துக்கொண்டார். கடைசியில் பெயர், தேதிகள், அதற்குக் கீழே மத்தேயு 25:35, "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்." பிள்ளைகளின் பெயர்களைத் தவிர அவ்வளவுதான் வெட்டினோம். அத்தையைத் தெரிந்த யார் படித்தாலும் அது அத்தைதான்.

பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில்தான் சிக்கல் வந்தது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட நடுமகளின் பெயரைப் பெரியப்பா எழுதவில்லை. பேச்சுவாக்கில் மூன்று பிள்ளைகள் என்று சொன்னதை இவர் கவனித்திருக்கிறார். "ரெண்டு பேருதான் எழுதியிருக்கீங்க. வுடணும்னா வுட்டுடலாம், ஆனா பின்னாடி சேக்கணும்னு வந்தா கல்லுல எடம் இருக்காது, இப்பவே சொல்லிடுங்க" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை, அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெரியப்பா டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து மூன்றாவது பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

"கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்ற எபேசியர் 4:29-ஐ நம் சபைகளில் வசவுக்கும் ஆபாசப் பேச்சுக்கும் மட்டும்தான் எடுத்துப் பேசுகிறார்கள். அதே வசனத்தின் பின்பாதி, பேசுவது கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கவேண்டும் என்கிறது. ஒரு பெயரை எழுதாமல் விடுவதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் அந்த மகள் பூ வைக்க வந்து அந்தக் கல்லைப் படிப்பாளே, அவளுக்கு அதில் என்ன பிரயோஜனம்? பிரசங்கிகள் யாராவது இதைக் கொஞ்சம் பேசலாம்.

இத்தனைக்கும் பட்டறைக்காரர் கிறிஸ்தவர் இல்லை, மேசைக்கு மேலே முருகன் படம். வெட்டி வெட்டியே வசனங்கள் மனப்பாடம். "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்பதற்கு 1 தீமோத்தேயு என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்த தாளில் ஒன்றை அடித்து இரண்டாக்கி வைத்திருந்தார். சின்னக் குழந்தையின் கல்லுக்கு ரோமர் 8:28, அதுதான் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வசனம், வேண்டும் என்று உறவுக்காரர்கள் கேட்டு வந்தால் "அவங்க அம்மா பாத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உளியை எடுப்பாராம். வசனத்தில் தப்பில்லை, அது யாருடைய வாயிலிருந்து, எப்போது வருகிறது என்பதில்தான் இருக்கிறது. பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்தபிறகுதான் வம்பு.

சரி, குறைகளும் உண்டு. போட்டோ பொறிக்கும் வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறார், அது சுமார்தான். அங்கே பார்த்த இரண்டு மூன்று முகங்களும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன, போட்டோவே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். தங்க நிறப் பெயிண்டும் வேண்டாம், கடல் காற்றுக்குச் சீக்கிரம் உரிந்துவிடுகிறது, பக்கத்துக் கல்லறைகளைப் பார்த்தாலே தெரியும். சொன்ன தேதிக்குக் கல் வரவில்லை, நினைவு ஜெபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் நட்டார்கள், அதுவரை பெரியப்பாவுக்குத் தூக்கமில்லை. போனையும் எடுப்பதில்லை, நேரில்தான் போகவேண்டும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்பதால் அக்டோபரில் அந்தப் பக்கமே போகாதீர்கள், நின்று பேச ஆள் கிடைக்காது. மற்ற மாதங்களில் போகிறவர்கள் வாசகத்தைத் தாளில் எழுதி, பிறந்த தேதியை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து, வீட்டில் முக்கியமான ஒருவரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள். பாதிப் பணம் முன்பணம், ஜிபே வாங்குகிறார், ரசீது கேட்டால்தான் தருவார்.