பில்லிங் சாப்ட்வேர் போட்டப்ப குடுத்த டாஷ்போர்டு எப்படி?

கடலூர் திருப்பாப்புலியூர்ல எங்க ஹார்டுவேர் கடை, மஞ்சக்குப்பத்துல குடோன். ரெண்டுக்கும் சேத்து பில்லிங், ஸ்டாக் சாப்ட்வேர் போட பாண்டிச்சேரி கம்பெனி ஒண்ணுகிட்ட குடுத்தோம். சாப்ட்வேர் நல்லாருக்கு, அத அப்புறம் எழுதறேன். இப்ப டாஷ்போர்டு மட்டும், அதாவது சாப்ட்வேர் போடற வேலை எந்த நிலமையில இருக்குன்னு நாங்க பாக்கறதுக்கு அவங்க குடுத்த பக்கம்.

இதுக்கு முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட குடுத்து, எப்ப போன் பண்ணாலும் "ஆயிட்டு இருக்கு சார்"னு கேட்டே மூணு மாசம் போச்சு. இவங்க முதல் நாளே லிங்க் அனுப்பிட்டாங்க, போன்லயே தொறக்குது, ஒவ்வொரு வேலைக்கும் நேரா பச்சை, மஞ்சள், சிவப்பு, பக்கத்துல "யார் கையில இருக்கு"ன்னு ஒரு கட்டம். அந்த கட்டம்தாங்க உயிரே. ஐட்டம் மாஸ்டர், அதான் கடையில விக்கற சாமான் பட்டியல் ஏத்தற வேலை, சிவப்புலயே நிக்குதேன்னு கோவமா தொறந்தா எதிர்ல என் தம்பி பேரு. ஜிஎஸ்டிக்காக ஒவ்வொரு சாமானுக்கும் போடற ஹெச்எஸ்என் கோடு லிஸ்ட்ட நாங்கதான் குடுக்கல. பிவிசி பைப்புக்கு 3917, ஆணிக்கு 7317, போல்ட்டு ஸ்க்ரூவுக்கு 7318ன்னு அன்னைக்கு நைட்டே உக்காந்து போட்டு அனுப்பிட்டோம், காலையில மஞ்சளாயிடுச்சு.

பிடிக்காதது, மொத்தத்துல எவ்வளவு முடிஞ்சுதுன்னு அதுல காட்டின சதவீதம். 90ன்னு பெருசா காட்டிட்டு ரெண்டு வாரம் நகரல. லோகோ வைக்கறதும் ஒரு வேலை, ஓப்பனிங் ஸ்டாக், அதாவது ஆரம்பத்துல கையில இருக்கற சரக்கு கணக்கு, ஏத்தறதும் ஒரு வேலைன்னு தலைய எண்ணி கணக்கு போட்டா எப்படி? குடோன்ல பைப்ப எண்ணவே நாலு நாள் ஆச்சு. சொன்னதும் சதவீதத்த எடுத்துட்டு, மீதி எத்தன நாள், கடைசியா எப்ப அப்டேட் பண்ணாங்கன்னு போட்டுட்டாங்க. நீங்க யார்கிட்ட குடுத்தாலும் இந்த ரெண்டையும் கேட்டு வாங்குங்க.