ட்ரெய்லர் பிரேக் செய்வித்தவர்கள் கவனம்: கராச்சை நம்பி மிச்சிகனில் ஒரு இரவு நின்றேன்

ரொறன்ரோவிலிருந்து அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடும் நம்மவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு முதல், பிரேக் பிடிப்பு குறைந்த மாதிரி இருந்ததால் ட்ரெய்லரை ஒரு கராச்சில் விட்டேன். அன்று பின்னேரமே "எல்லாம் சரி அண்ணை" என்றார்கள். பில்லில் ஒரே வரி: பிரேக் சர்வீஸ், 740 டொலர். தெரிந்த ஆட்கள் என்ற நம்பிக்கையில் என்ன மாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

போன செவ்வாய் விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டேன். மிச்சிகனில் ஐ-75 நெடுஞ்சாலை ஓரம் மறித்து, லெவல் 1 சோதனை என்றார்கள். 37 படி கொண்ட முழுச் சோதனை அது. அதிகாரி அடியில் படுத்து, ஒவ்வொரு பிரேக் சேம்பரின் (காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் டப்பா) தண்டிலும் வெண்கட்டியால் கோடு போட்டார். என்ஜினை நிறுத்திப் பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொல்லி, தண்டு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தார். என் ட்ரெய்லரில் இருக்கும் சேம்பருக்கு 2 அங்குலம்தான் எல்லை. பின் அச்சில் இரண்டு பக்கமும் 2⅜.

ஐந்து அச்சு, பத்து பிரேக். அதில் 20 வீதம் பழுதென்றால் திருத்தும்வரை வண்டி அசையக் கூடாது. இரண்டு பிரேக் போதும், மறித்துவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு வந்த மெக்கானிக் கழற்றிக் காட்டினார். அது தானாக இறுகும் ஸ்லாக் அட்ஜஸ்டர், பிரேக் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் சாமான். அதில் இருக்கும் இரும்புப் பின் (pin) ஒரு பக்கம் அரைவாசி தேய்ந்திருந்தது, பின்னைச் சுற்றியிருக்கும் புஷ்ஷிங் வளையம் ஆடியது, கிறீஸ் காய்ந்து கட்டியாக இருந்தது. கராச்காரர் செய்தது நட்டைக் கையால் இறுக்கிவிட்டதுதான். தானாக இறுக வேண்டியது இறுகவில்லை என்றால் உள்ளே ஏதோ பழுது. கையால் இறுக்கினால் அது மறையும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். பாரத்தோடு இறக்கத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேலை முடிய இரவு 7 மணி. அதற்குள், வேலை தொடங்கியதிலிருந்து வண்டி ஓட்ட விடும் என்னுடைய 14 மணி நேரமும் முடிந்துவிட்டது. சோதனையில் நின்றாலும் அந்த மணிக்கூடு நிற்காது. அப்புறம் 10 மணி நேரம் ஓய்வெடுக்காமல் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. சரக்கு ஒரு நாள் பிந்தியது. இந்தச் சோதனை முடிவு அமெரிக்கக் கணக்கில் 24 மாதம் கம்பனியின் பேரில் இருக்கும்.

கராச்சில் கேட்டேன். "நாங்கள் தரும்போது சரியாகத்தான் இருந்தது" என்றார்கள். காசு திரும்ப வரவில்லை.

இனி நீங்கள் பிரேக் வேலை கொடுத்தால், வேலைக்கு முன்னும் பின்னும் தண்டு வெளியே வரும் அளவை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கையில் வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கராச்சுக்குப் போங்கள். தேய்ந்த பின்னின் படம் என்னிடம் இருக்கிறது. உங்களுடையதோடு ஒப்பிட வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.