டீசல் ஃபில்டரை உயரத்தில் மாட்டி 4,600 வெள்ளி வாங்கிய பட்டறை: பாய்மரப் படகு வைத்திருப்போர் கவனத்திற்கு

மலேசியாவின் லங்காவித் தீவில் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றிடம் 4,600 வெள்ளியைப் பறிகொடுத்துவிட்டு, ஆத்திரம் அடங்காமல் இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை கடலில் ஆளையே கவிழ்க்கக்கூடியது என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் படகில் டீசல் டாங்கியின் அடியிலிருந்து புறப்படும் குழாய், டாங்கியைவிடத் தாழ்வாக இருந்த ஃபில்டருக்குப் போய், அங்கே டீசலில் கலந்த தண்ணீர் பிரிந்த பிறகு இயந்திரத்தின் பம்புக்குச் செல்லும். அந்த ஃபில்டர் துருப்பிடித்ததால் புதியது மாட்டச் சொன்னேன். பட்டறைக்காரர் தரையில் படுத்து உள்ளே கையை விட்டு, விரல்களில் ஒட்டிய துருவைக் காட்டி, “அண்ணே, இவ்வளவு கீழே இருந்தால் ஒவ்வொரு தடவையும் உங்கள் இடுப்புதான் போகும். தடுப்புச் சுவரில் கண்ணுக்கு நேராக மாட்டித் தருகிறேன், உங்கள் தம்பி செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்றார். ஒருவர் அப்படித் தரையில் படுத்தெழுந்து பேசும்போது நம்பாமல் இருக்க முடியுமா? வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி, துறையில் கட்டியபடியே இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு திணறலும் இல்லை. 4,600 வெள்ளியையும் அங்கேயே கொடுத்தேன்.

டாங்கி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வினை தொடங்கியது. பினாங்குக்குப் போகும் வழியில், பாயார் தீவைத் தாண்டியதும் இயந்திரம் திணறி நின்றது. குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிக் கிளப்பினால் சற்று ஓடும், மறுபடி நிற்கும். விடியலுக்கு முன் ‘சுமத்ரா’ சூறைக்காற்று அடிக்கும் பருவத்தில், குடும்பத்தோடு, நம்ப முடியாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு அந்த இரவைக் கழித்தோம்.

திரும்பி வந்து கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பதில். டீசல் அழுக்கு என்றார்கள். பம்ப் பழையது, புதியது வாங்குங்கள் என்றார்கள். புலனத்தில் நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, “எங்காவது டீசல் சொட்டுகிறதா? சொட்டவில்லையே, அப்படியானால் கசிவே இல்லை” என்று எழுதினார்கள். அதன் பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை.

அந்தக் கடைசிப் பதில்தான் பெரிய பொய். ஃபில்டர் டீசல் மட்டத்துக்கு மேலே இருந்தால் பம்ப் டீசலை உறிஞ்சித்தான் ஏற்ற வேண்டும். அப்போது குழாயின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுவதால், தளர்ந்த இணைப்பு வழியே டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். டாங்கி நிரம்பியிருந்தபோது மட்டம் ஏறக்குறைய ஃபில்டர் வரை இருந்ததால் குறை தெரியவில்லை. காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. ஆகவே உட்செலுத்தும் பம்பின் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே வீணாகி இயந்திரம் நின்றுவிடுகிறது. வேறொரு மெக்கானிக் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடி போன்ற குழாயை மாட்டிக் காட்டினார்: குமிழிகள் வரிசையாக ஓடின, வெளியே ஓர் இணைப்பில்கூட ஈரமில்லை. ஃபில்டரின் மூடிக்கடியில் இருந்த ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்காராமல் முறுக்கிக் கிடந்தது. பழையபடி தாழ்வாக இருந்திருந்தால் அந்த இடத்தில் டீசல் சொட்டி, துறையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். இதற்குத்தான் 4,600 வெள்ளி!

விரிவாக யோசனை சொல்லும் மனநிலையில் இப்போது நான் இல்லை. டாங்கியை நிரப்பி ஓட்டிக் காட்டினால் பணம் கொடுக்காதீர்கள். பாதிக்குக் கீழே இறங்கிய டாங்கியோடு, கடலில் ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். இடம் இருந்தால் ஃபில்டரை டாங்கியின் அடிமட்டத்துக்குக் கீழேயே வையுங்கள், ஆனால் தண்ணீரை வடிக்க அதன் அடியில் இடம் விடுங்கள். அப்படித் தாழ்வாக வைக்கும்போது டாங்கியிலிருந்து குழாய் புறப்படும் இடத்திலேயே ஓர் அடைப்பு வால்வு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஃபில்டரின் மூடியைத் திறந்தவுடன் டாங்கியில் உள்ள டீசல் முழுவதும் படகின் அடித்தளத்தில் இறங்கிவிடும்.