கல்லா, தூண்டில் வளைவா, மணலா?

புதுச்சேரி காந்தி சிலைக்கு எதிரே பல வருஷங்கள் மணலே கிடையாது. கருங்கல் குவியலும் அதில் மோதித் தெறிக்கும் அலையும்தான் அப்போது அங்கே 'பீச்'. 1980களின் பிற்பகுதியில் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அதை மறித்ததும் தெற்கே மணல் மேடு போட்டது, வடக்கே கரை கரைந்தது. சென்னை மெரினா அகலமானதும் துறைமுகம் வந்த பிறகுதான். அதற்கு விலை கொடுத்தது வடசென்னைக் கரை.

சரி, கரையை எப்படிக் காப்பது? கல் கொட்டினால் உடனே பலன் தெரியும். புதுச்சேரியின் கடற்கரைச் சாலையும் கட்டடங்களும் தப்பியது அதனால்தான். ஆனால் சுவரில் அடித்துத் திரும்பும் அலை அடிக்கல்லுக்குக் கீழே இருக்கும் மணலைச் சுரண்டிக்கொண்டு போகும். கல் இறங்கும், மறுபடி லாரியில் கல் வரும். படகை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே காயப்போடுவது? மீனவருக்குக் கரை என்றால் மணல்தான்.

அதனால் குப்பங்கள் கேட்பது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் அந்தக் கல் வரிசையின் தென்புறம் மணல் சேரும், படகு நிற்கும். வடபுறத்து ஊருக்குத்தான் அரிப்பு. அப்புறம் அந்த ஊரும் வளைவு கேட்கும். இருக்கிற மணலைப் பங்கு போடலாமே தவிர, வளைவால் புது மணலைக் கொண்டுவர முடியாது.

2018-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வேறு வழியில் போனது. புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் முக்கோண வடிவ எஃகுத் தடுப்பு வைத்தார்கள். தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். அலை வெளியிலேயே உடைந்து பலம் குறைவதால் உள்ளே மணல் தங்கியது. பார்வையில் கல்லே இல்லை, பிள்ளைகள் காலை நனைக்கிறார்கள்.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் துறைமுக வாயிலில் தேங்கும் மணலை விடாமல் வாரி வடக்கே சேர்க்க வேண்டும். அது நின்றால் எந்தத் தடுப்பும் வெறும் தண்ணீரைத்தான் காக்கும். அதுவரை, வடக்கே பிள்ளைச்சாவடி போன்ற ஊர்களில் அலை வாசலுக்கு வந்துவிட்ட வீட்டுக்காரர் கல் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.