லினக்ஸ் மின்டில் இரண்டு பிரிண்டர்கள்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் ஏழு மாத அனுபவம்

தாலுகா ஆபீஸுக்கு எதிரே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு அடிப்பது, பட்டா நகல், வில்லங்கச் சான்று, பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று நாளைக்கு முந்நூறு பக்கமாவது ஓடும். பிரிண்டர் நின்றால் கடை நின்ற மாதிரி. கம்ப்யூட்டரில் எனக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பேஜ்மேக்கர் காலத்திலிருந்து இதில் கை நனைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் இதைப் படியுங்கள்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 வரைதான் அப்டேட் என்று அறிவித்திருந்தார்கள். என் மிஷின் நான்காம் தலைமுறை ஐ3. அதில் விண்டோஸ் 11 ஏறாது. புதிது வாங்குகிற நிலைமையில் நான் இல்லை. அக்கா மகன் கோயம்புத்தூரில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறான். ஆகஸ்டில் ஊருக்கு வந்தவன், "சித்தி, மிஷின் நல்லாத்தான் இருக்கு. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச சிஸ்டம் போட்டுத் தரேன். பிரிண்டர் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்றான்.

கொஞ்சம் என்றுதான் சொன்னான்.

மின்ட் 22.1 ஏறுவதற்கு இருபது நிமிஷம் ஆனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. பிரிண்டருக்கு இரண்டு நாள் ஆனது.

என்னுடையது பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த கறுப்பு வெள்ளை லேசர். கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், டோனருக்கு இன்னும் அதே டீலரிடம்தான் போக வேண்டும். இந்த மாதிரி மலிவு லேசர்களுக்குச் சொந்தமாகப் பக்கம் வரையத் தெரியாது. கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு புள்ளியாக வரைந்து, அதற்குப் புரிகிற பாஷையில் அனுப்ப வேண்டும். அந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்கிற சின்ன புரோகிராமுக்கு ஃபில்டர் என்று பெயர். கம்பெனி தளத்தில் லினக்ஸ் டிரைவர், அதாவது அந்த ஃபில்டரும் சேர்ந்த மென்பொருள் தொகுப்பு, இருந்தது. போட்டோம். டெஸ்ட் பேஜ் கொடுத்தால் தாள் அசையவில்லை. திரையில் 'ஃபில்டர் ஃபெயில்ட்' என்று மட்டும் வந்தது.

லினக்ஸில் அச்சு வேலை முழுவதையும் பார்த்துக்கொள்வது கப்ஸ் என்கிற மென்பொருள். 1999இல் முதலில் வெளிவந்தது. ஆப்பிள் மேக்கில் 2002 முதல் ஓடுவதும் இதுதான். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். அங்கே நிர்வாகப் பகுதியில் எரர் லாக் பார்க்க ஒரு பட்டன் உண்டு. விண்டோஸில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் ஆஃப் செய்து ஆன் செய்வேன், போகவில்லையென்றால் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுவேன். என்ன கோளாறு என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. இங்கே எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. கப்ஸுக்கு முதல் நல்ல மார்க் இதற்குத்தான்.

ஆனால் எழுதியிருந்தது என்ன? ஃபில்டர் கோப்பின் முழு விலாசத்தையும் கொடுத்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. போல்டரைத் திறந்தால் கோப்பு குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எழுத்துப்பிழையா, அனுமதி இல்லையா என்று ஒரு மணி நேரம் பார்த்தோம். பிறகுதான் அவனுக்குப் பொறி தட்டியது. டிரைவர் பழைய 32 பிட் காலத்தது, மின்ட் 64 பிட். 32 பிட் புரோகிராமைக் கிளப்பிவிடத் தனியாக ஒரு 32 பிட் லோடர் வேண்டும், அது எங்கள் சிஸ்டத்தில் இல்லை. இல்லாதது லோடர். செய்தியில் வந்த பெயரோ ஃபில்டருடையது. மனுவை வாங்க வேண்டிய கிளார்க் லீவு, அதற்காக 'மனு இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிய கதைதான். எதிர் ஆபீஸைப் பார்த்துப் பழகியதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. 32 பிட் கட்டமைப்பைச் சேர்க்க ஒரு கட்டளை, அந்த லோடர் அடங்கிய சி நூலகம் என்ற தொகுப்பை நிறுவ இன்னொன்று. டெஸ்ட் பேஜ் சரசரவென்று வந்து விழுந்தது.

அவன் ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் மனு நாள் என்பதால் காலை ஏழரைக்கே கடை முன்னால் ஆள் நிற்கும். பிரிண்ட் கொடுக்கிறேன், ஆரஞ்சு விளக்கு மினுக்குகிறது, தாள் இல்லையாம். டிரேயில் அரை ரீம் தாள் இருக்கிறது. எடுத்து அடுக்கிப் போட்டேன், உருளையைத் துடைத்தேன், மறுபடி மினுக்கல். போன் போட்டால் எடுத்ததும், "சித்தி, பேப்பர் சைஸ் என்ன காட்டுது?" என்றான். லெட்டர் என்று இருந்தது. மின்ட் போடும்போது மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று தேர்ந்திருக்கிறோம். அதனால் அது அமெரிக்கத் தாள் அளவை எடுத்துக்கொண்டது. லெட்டர் 216க்கு 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210க்கு 297. நான் வைத்திராத தாளுக்காகப் பிரிண்டர் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. பிரிண்டர் அமைப்பில் ஒரு முறை, வேர்டுக்குப் பதிலாக இதில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் ஒரு முறை ஏ4 என்று மாற்றினேன். இரண்டிலும் மாற்ற வேண்டும், ஒன்றில் விட்டாலும் மறுபடி மினுக்கும். அன்றைக்கு ஆறு பேர் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது தொல்லை, தாள் மாட்டிக்கொண்ட பிறகு வருவது. தாளை உருவி எடுத்து மூடியை மூடினாலும் அடுத்த பக்கம் வராது. கப்ஸ் அந்தப் பிரிண்டரை 'நிறுத்தம்' என்று குறித்து வைத்திருக்கும். நாமே போய் மறுபடி தொடங்கு என்று சொல்ல வேண்டும். அதே 631 பக்கத்தில் பிழைக் கொள்கை என்று ஒரு தேர்வு இருக்கிறது. என் பிரிண்டருக்கு அது 'பிரிண்டரை நிறுத்து' என்று இருந்தது. 'வேலையை மறுபடி முயற்சி செய்' என்று மாற்றியபின் தொல்லை இல்லை.

தமிழ்க் கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வானவில் எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். அந்த எழுத்துரு நம் மிஷினில் இல்லையென்றால் மனு முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். பிரிண்டரைத் திட்டாதீர்கள், திரையிலேயே அப்படித்தான் தெரியும். பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். எந்த மிஷினிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோட் தமிழில் இருந்தால் ஒரு புள்ளி பிசகாமல் வருகிறது.

நவம்பரில் ஸ்கேனரோடு சேர்ந்த இரண்டாவது பிரிண்டர் ஒன்று வாங்கினேன். வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றே ஒன்று, அட்டைப்பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா என்று. காரணம் இருக்கிறது. ஐபோனில் பிரிண்டர் டிரைவர் போட வழியில்லை. அதனால் 2010இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்தபோது, டிரைவர் இல்லாமலே பிரிண்டருக்குப் புரிகிற பொதுப் பாஷை ஒன்று தேவைப்பட்டது. லினக்ஸும் அதே வழியில் பேசிக்கொள்கிறது. ஐபோன்காரர்களுக்காகப் போட்ட ரோட்டில் நாம் டோல் இல்லாமல் போகிறோம். யூஎஸ்பி வயரைச் சொருகிவிட்டுத் திரும்பினேன், பிரிண்டர் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. ஸ்கேனரும் தானாக வந்தது. அந்தப் பிரிண்டரைப் பற்றி இதற்கு மேல் எழுத விஷயமே இல்லை, ஒரு பிரிண்டருக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. பக்கத்து ஸ்டூடியோக்காரரும் என்னைப் பார்த்து மின்டுக்கு மாறினார். அவருடைய இங்க்ஜெட் பட்டியலில் வருகிறது, பிரிண்ட் கொடுத்தால் வேலை முடிந்தது என்கிறது, தாள் மட்டும் வருவதில்லை. யூஎஸ்பியில் டிரைவர் இல்லாமல் பேச வைக்கும் ஐபிபி-யூஎஸ்பி என்ற பகுதி மின்டோடு சேர்ந்தே வருகிறது. அது பிரிண்டரைப் பிடித்துக்கொண்டால் கம்பெனி டிரைவர் கிட்டே நெருங்க முடியாது. ஒத்துவரவில்லையென்றால் அதையும், கூடவே ஸ்கேனருக்காக இருக்கும் சேன்-ஏர்ஸ்கேன் என்பதையும் எடுத்துவிட்டுப் பழைய முறைக்குப் போகச் சொல்லி மின்ட்காரர்களே குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டு டிரைவர் போட்டார், ஓடுகிறது. அந்த வேலைக்கு என்னிடம் போன் நம்பர் வாங்கி அக்கா மகனையே பிடித்தார். அவன் எனக்குக் கணக்கு அனுப்புவான் என்று நினைக்கிறேன்.

மார்க் போடச் சொன்னால், புதுப் பிரிண்டரோடு மின்டுக்கு ஐந்துக்கு ஐந்து, பழையதோடு இரண்டரை. கடையில் பழைய மலிவு லேசர் மட்டும்தான் இருக்கிறது, கூப்பிட்டால் வர ஆளும் இல்லை என்றால், மாறுவதற்கு முன்பே உங்கள் மாடலுக்கு 64 பிட் டிரைவர் உண்டா என்று பார்த்துவிடுங்கள். மின்டை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதிலேயே ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

பழையதில் டோனர் எவ்வளவு பாக்கி என்று இன்னும் திரையில் தெரிவதில்லை. பக்கம் வெளுத்தால் கார்ட்ரிட்ஜை உருவி நாலு குலுக்கு குலுக்கிப் போடுகிறேன். விண்டோஸ் இருந்தபோதும் அதைத்தான் செய்தேன்.