பத்து நாள் சாப்பாடு, ஒரு தோற்பை தண்ணீர்

அக்கரைப்பற்று நண்பன் ஒருவன் போன கிழமை கேட்டான்: "மச்சான், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புதுப் பதிப்பு வாங்கவா, இல்லாட்டி நீங்க வச்சு விளையாடுற பழசே போதுமா?" வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லில் முடிகிற பதில் என்னிடம் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதையாக நடத்துகிற விளையாட்டு அது. அதன் ஐந்தாம் பதிப்பின் விதிநூல் 2014ல் வந்தது. மட்டக்களப்பு கல்லடியில் நாங்கள் அதைப் பல வருடமாகப் புரட்டுகிறோம். கடற்காற்றில் தாள்கள் நெளிந்து, முதுகு தளர்ந்து, மந்திரப் பகுதி மட்டும் தனியாகக் கழன்று வருகிறது. 2024ல் வந்த திருத்திய பதிப்பும் இப்போது மேசையில் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான்.

அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாதகம் இருந்தால் இருபது முகப் பகடை இரண்டை உருட்டி உயர்ந்ததை எடு, பாதகம் என்றால் தாழ்ந்ததை எடு என்ற ஒற்றை விதி இந்த விளையாட்டையே காப்பாற்றுகிறது. 11 அல்லது அதற்கு மேல் வேண்டிய இடத்தில் பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு, சாதகம் கிடைத்ததும் நூற்றுக்கு 75 ஆகிவிடும். முன்பின் விளையாடாத சின்னப் பிள்ளைக்கும் ஒரு தடவை காட்டினால் போதும். கான்சென்ட்ரேஷன் விதியும் அப்படித்தான். மனதை ஒருமுகப்படுத்தவேண்டிய மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைத்திருக்கலாம், அடிபட்டால் அதுவும் கையை விட்டுப் போகலாம். மந்திரவாதி மற்ற எல்லாரையும் சும்மா உட்கார வைக்கிற பழைய நோய்க்கு இது நல்ல மருந்து.

ஆனால் எனக்கு இந்த நூலில் மிகப் பிடித்தது பின்னிணைப்பில் ஒதுங்கிக் கிடக்கும் களைப்பு விதி. ஆறு படிகள். முதல் படியில் மனதும் கையும் தடுமாறும், திறமையைச் சோதிக்கும் உருட்டல்கள் எல்லாம் பாதகம். இரண்டாவதில் நடை பாதியாகும். மூன்றாவதில் வாள்வீச்சும் தற்காப்பும் தளரும். நான்காவதில் உயிர்ப்புள்ளிகளின் உச்சம் பாதியாகும். ஐந்தாவதில் அசைய முடியாது. ஆறாவதில் சாவு. ஒரு இரவு முழுக்க ஓய்ந்து தூங்கி எழுந்தாலும், அதுவும் சாப்பிட்டுக் குடித்திருந்தால்தான், ஒரு படி மட்டும் இறங்கும். இந்தப் படிகளில் ஏற்றுவதற்குத் தண்ணீர் விதி இருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன், வெயில் காலமானால் இரண்டு கலன், அதாவது ஏழரை லீற்றர். பாதிதான் குடித்தால் 15ஐ எட்டவேண்டிய உடல்வலு உருட்டல், தோற்றால் ஒரு படி. பாதியும் இல்லை என்றால் உருட்டலே கிடையாது, நேரே ஒரு படி. ஏற்கெனவே களைத்தவனுக்கு இரண்டு படி. ஒரு டிராகனும் வராமல், ஒரு வாளும் உருவாமல் ஒரு கூட்டம் காட்டில் அழிந்துபோக இது போதும். இதை எழுதியவருக்கு வெயிலில் நடப்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

எங்களுக்கு அது தெரியும். எங்கள் வீடுகளில் உகந்தையிலிருந்து குமண, யால காடுகள் வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்த ஆள் ஒருவராவது இருக்கிறார். ஆடித் திருவிழாவை ஒட்டி, கச்சான் காற்று நிலத்தைக் காயவைக்கும் மாதங்களில் போகிற நடை அது. அம்மம்மா அந்தக் கதை சொன்னால் யானையைப் பற்றி ஒரு வரி, கரடியைப் பற்றி ஒரு வரி, மிச்சம் எல்லாம் தண்ணீர். கும்புக்கன் ஆற்றைக் கடக்கும் இடம், வறண்ட மணலைத் தோண்டி ஊற்று எடுத்த இடம், போத்தலை யாரிடம் கொடுத்தது, யாரிடம் கொடுக்கவில்லை, மாணிக்க கங்கையைக் கண்டபோது யார் அழுதது. நாங்கள் எங்கள் விளையாட்டுக்கு உலகம் அமைத்தபோது இந்த நடையைத்தான் நடுவில் வைத்தோம்: வாவி ஓரத்துப் பட்டினம் ஒன்று, தெற்கே மழை காணாத காடு, அதற்கு அப்பால் ஒரு கோயில். வழி நெடுக எதிரி வெயில்தான்.

இனி என் கோபம். விதிநூலின் கருவிகள் பட்டியலில் பயணிக்கான ஆயத்தப் பொதி ஒன்று இருக்கிறது. அதைப் பெயரோடு எழுதிக்கொண்டால் போதும், எல்லாம் வந்துவிடும். உள்ளே பத்து நாள் உலர் உணவு, பத்துத் தீப்பந்தம், ஐம்பது அடிக் கயிறு, படுக்கை. தண்ணீருக்கு? ஒரு தோற்பை. அதன் கொள்ளளவு நான்கு பைந்து, அரைக் கலன், இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அதே நூல்தான் வெயிலில் இரண்டு கலன் வேண்டும் என்று சொல்கிறது. பத்து நாள் சாப்பாட்டோடு புறப்படுகிறவனிடம் கால் நாள் தண்ணீர்!

சரி, தோற்பைகளை வாங்கிக் கொள்வோம் என்று கணக்குப் போட்டோம். நிறைந்த தோற்பை ஐந்து இறாத்தல். வெயிலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு. நான்கு நாள் நடைக்குப் பதினாறு, 80 இறாத்தல், ஏறக்குறைய 36 கிலோ. சாதாரண வலு, அதாவது 10 உள்ளவன் 150 இறாத்தல் வரை தூக்கலாம் என்கிறது பொது விதி, ஆகவே தூக்குவான். விருப்ப விதியாகக் கொடுத்திருக்கும் சுமைக் கணக்கை எடுத்தால் 50 இறாத்தலைத் தாண்டியதுமே அவன் நடை, அதாவது ஒரு சுற்றில் அவன் நடக்கும் தூரம், பத்து அடி குறையும். நடை குறைந்தால் நாள் கூடும், நாள் கூடினால் தண்ணீர் கூடும். இந்தச் சுழல்தான் நான் தேடியது. இதைப் போட்டுப் பார்த்த மாலையில் மேசையில் ஒருவரும் கைத்தொலைபேசியைத் தொடவில்லை. எதை விட்டுவிட்டுப் போவது, எந்த ஆறு இன்னும் ஓடும், இரவில் நடக்கலாமா என்று உண்மையாகவே பேசினார்கள்.

அப்புறம் ட்ரூயிட் என்ற காட்டு மந்திரவாதிப் பாத்திரம் எடுத்த தம்பி மந்திரப் பக்கத்தைத் திறந்தான். குட்பெரி என்று ஒரு முதல்நிலை மந்திரம். கையில் பத்துப் பழம் தோன்றும், ஒன்று ஒரு ஆளுக்கு ஒரு நாள் உணவு. இருபத்து நான்கு மணிநேரம் கெடாது. ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் மந்திரம் போடலாம் என்று ஒரு கணக்கு உண்டு; தூங்கப் போகுமுன் அதில் மீதி இருக்கும் வாய்ப்பில் இதைப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வாய்ப்பு எல்லாம் திரும்ப வந்துவிடும், பழமும் கையில் இருக்கும். செலவு ஒன்றும் இல்லை. நீரை உண்டாக்கும் முதல்நிலை மந்திரம் வேறு இருக்கிறது: ஒரு தடவைக்குப் பத்துக் கலன், வெயிலில் ஐந்து பேருக்கு ஒரு நாள். இது போதாதென்று தன் பாத்திரத்தின் முன்கதையாக அவுட்லாண்டர் என்ற பின்புலத்தை எடுத்தவனுக்கு நிலத்தில் கிடைக்கக்கூடியதாக இருந்தால் தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் தினமும் உணவும் நல்ல தண்ணீரும் கிடைத்துவிடும். பகடையே உருட்டத் தேவையில்லை. காடு திரியும் வேட்டைக்காரப் பாத்திரமான ரேஞ்சருக்கோ அவன் பழகிய நிலத்தில், மாயத்தால் அன்றி வழி தவறவே தவறாது.

எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். தாகத்துக்கு இவ்வளவு அருமையாக ஆறு படிகளை அமைத்தவர்கள், முதல் நாள் முதல் நிலையிலேயே அதற்கு மாற்று மருந்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். டிராகனைக் கொல்ல ஒருவன் எத்தனை நிலை ஏறவேண்டும்! பாலைவனத்தைக் கொல்ல ஒரு நிலையும் ஏறத் தேவையில்லை.

நியாயமாகவும் பேசவேண்டும். இது குகைக்குள் இறங்கிச் சண்டை பிடிப்பதற்கென்று 1974ல் பிறந்த விளையாட்டின் வாரிசு. கிழமைக்கு ஒரு தடவை மூன்று மணிநேரம் கூடுகிறவர்களில் பலருக்குத் தோற்பை எண்ணுவது அலுப்பு. அவர்களைக் காட்டைச் சட்டென்று கடக்க வைத்து அடுத்த கோட்டைக்கு அனுப்பும் வசதி இந்த மந்திரங்கள். ட்ரூயிட் தம்பி சொன்னதிலும் ஞாயம் உண்டு. "அண்ணன், காட்டோடயே வாழுறவன் நான். காட்டில எல்லாரும் பட்டினி கிடந்தா நான் எதுக்கு?" காடு தெரிந்த ஒருவரை நம்பித்தான் எங்கள் ஆட்களும் உகந்தைக்கு அப்பால் காலெடுத்து வைக்கிறார்கள். அவர் இருந்தால் நடை எளிதாகும், எளிதாகவும் வேண்டும். தண்ணீர்ப் பிரச்சினையே இல்லாமல் போவது வேறு.

விடை நூலுக்குள்ளேயே கிடந்தது எனக்கு எதிர்பாராத சந்தோஷம். நீர் மந்திரத்தை நிதானமாக வாசித்தால், அந்தப் பத்துக் கலனும் திறந்த பாத்திரம் ஒன்றுக்குள்தான் வரும். பாத்திரம் இல்லையென்றால் முப்பது அடிப் பரப்பில் மழையாகக் கொட்டிவிடும். அதே நூலின் கொள்ளளவு அட்டவணைப்படி வாளி மூன்று கலன், இரும்புப் பானை ஒரு கலன், குடுவை ஒரு கலன். பீப்பாய் நாற்பது கலன் கொள்ளும், ஆனால் வெறும் பீப்பாயே 70 இறாத்தல். குட்பெரி விவரத்தில் தண்ணீர் என்று ஓர் எழுத்தும் இல்லை, ஆகவே எங்கள் மேசையில் அது சோறு மட்டும். ஒரு விதியையும் அழிக்காமல், இருப்பதை இருக்கிறபடி பிடித்துக்கொண்டாலே காடு திரும்பி வந்துவிட்டது. வீரர்கள் வாளை விற்றுப் பானை வாங்கினார்கள். மழையாகப் பெய்யவிட்டுச் சாரனை விரித்துப் பிடிக்கலாமா என்று ஒரு வாதம் நடந்தது, நான் சம்மதித்தேன். அப்படிப் பிடித்த தண்ணீரில் கடைசிக் குடுவையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்த கட்டம்தான் இத்தனை வருடத்தில் எங்கள் மேசையில் நடந்த மிகச் சிறந்த காட்சி. அதில் ஒரு சண்டையும் இல்லை.

உலகக் கதை பற்றியும் ஒரு வார்த்தை. நூல் இயல்பாக எடுத்துக்கொள்ளும் உலகம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். அதன் வாள்கரைப் பட்டினங்கள், சத்திரங்கள், பனிக்கால வடக்கு எல்லாம் வாசிக்கச் சுவையானவை. பின்னிணைப்பில் கெல்ட்டிய, கிரேக்க, எகிப்திய, நோர்ஸ் தெய்வங்களுக்கு அட்டவணைகள் உண்டு. நம் பக்கத்துக்கு ஒன்றும் இல்லை, அதனால் நாங்களே செய்துகொண்டோம். எங்கள் பட்டினத்தில் மழை பொய்த்தால் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து கொம்பு இழுக்கும். மட்டக்களப்பு அம்மன் கோயில்களை ஒட்டி வளர்ந்த கொம்பு விளையாட்டு அது. இரண்டு பக்கமும் வலுவை உருட்டி மோதிப் பார்க்கும் போட்டி விதி அதற்கென்றே எழுதியதுபோலப் பொருந்தியது. அம்மன் பெயரை மட்டும் விளையாட்டுக்குள் எடுக்கவில்லை, அது எங்களில் யாருக்கும் சரியாகப் படவில்லை. பாணன் பாத்திரம் எடுத்த பிள்ளை வடமோடிக் கூத்து பார்த்து வளர்ந்தவள். தன் வரவைத் தானே பாடிக்கொண்டு நுழைகிறாள். அதற்கு எந்த நூலும் தேவைப்படவில்லை.

இப்போது 2024 பதிப்பு. கணக்குப் பார்த்தால் அது என் குறைகளில் பாதியைத் தீர்த்துவிட்டது. அவுட்லாண்டர் பின்புலம் போய்விட்டது. பின்புலங்கள் இப்போது திறன் புள்ளியும் ஒரு தொடக்கச் சிறப்பும் தருகின்றன, ஓசிச் சாப்பாடு தருவதில்லை. குணப்படுத்தும் மந்திரங்கள் வலுத்திருக்கின்றன. நூல் 320 பக்கத்திலிருந்து 384 ஆகப் பெருத்தாலும் தேடியதை எடுப்பது எளிதாகிவிட்டது. குட்பெரி இன்னும் இருக்கிறது.

ஆனால் களைப்பு விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு படிக்கும் இருபது முகப் பகடையில் இரண்டு கழியும், நடை ஐந்து அடி குறையும், ஆறாவதில் சாவு. நினைவில் வைக்க எளிது, பழையதைவிட ஒழுங்கானதும்கூட. பழைய விதியில் முதலில் புத்தி தடுமாறி, பிறகு கால் தளர்ந்து, பிறகு கை சோர்ந்து, பிறகு உடம்பே ஒடுங்கியது. அந்த வரிசை எங்கள் ஊர் நடைக் கதைகளில் கேட்ட அதே வரிசை. "ரெண்டாம் படிக்கு வந்திட்டேன்" என்று ஒருவன் சொன்னால் மற்றவர்கள் அவன் பொதியைத் தாங்களே வாங்கிச் சுமந்தார்கள், ஏனென்றால் அவனால் பாதி வேகத்தில்தான் நடக்க முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. "எனக்குக் கழித்தல் நான்கு" என்று சொல்கிறவனுக்கு யாரும் அப்படிக் கை நீட்டியதை நான் இன்னும் காணவில்லை.

ஆகவே மச்சான், புதியது சிறந்த நூல், வாங்காதே. 49.99 டொலர் அட்டை விலை, அதற்கு மேல் இங்கே கொண்டுவரும் செலவு. பழைய பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி (SRD) 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆறு படிக் களைப்பும் தண்ணீர் விதியும் பாத்திர அட்டவணையும் அதில் உண்டு, அவுட்லாண்டர் இல்லை. இறக்கி அச்செடுத்துக்கொள். காசைப் பகடைக்கு வை, இரண்டு செட்டாவது வேண்டும், கொழும்பில் யாராவது இருந்தால் சொல்லி எடு. எங்கள் அடுத்த நடை ஆடிக்கு முன் தொடங்குகிறது, உனக்கு இடம் இருக்கிறது. ட்ரூயிட் எடுப்பதாக இருந்தால் குட்பெரி சோறு மட்டும்தான் என்பதை இப்போதே ஒத்துக்கொண்டு வா, அந்த வாதத்தை நான் நடுக்காட்டில் மறுபடி கேட்கமாட்டேன்.